மிளகு மண்டிக்கு மேலே ஒரு ரோபோ வகுப்பு

ஊரில் யாரும் பார்த்திராத இயந்திரத்தைப் பற்றிப் பாடம் நடத்துவது கல்யாணத் தரகர் வேலை மாதிரி. வாய் இருந்தால் பாதிக் காரியம் நடந்துவிடும், ஆனால் கடைசியில் பெண்ணைக் காட்டித்தான் ஆகவேண்டும். புதுப் படிப்பு எதையாவது சொல்லிக்கொடுக்கப் போய் மாட்டிக்கொண்டவர் உங்களில் இருந்தால், என் பாடு புரியும்.

எண்பதுகளின் நடுவில் கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரி மொய்து முதலாளி தன் மண்டியின் மாடியில் தொழிற்பயிற்சிப் பள்ளி ஒன்று ஆரம்பித்தார். துபாயிலிருந்து வந்த மருமகன் 'இனி எல்லாம் ரோபோதான்' என்று சொல்லிவிட்டுப் போனதன் விளைவு. ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த பாலக்காட்டுத் தமிழனான நான், பஜாருக்கே 'சாமி', வாத்தியாரானேன். முதலாளி போட்ட நிபந்தனை ஒன்றுதான். படிப்பு முடியும்போது ஆலுவாவிலிருந்து ஒரு ஃபாக்டரி மேனேஜர் வருவார். அவர் ஒருவரையாவது வேலைக்கு எடுக்காவிட்டால் முதலாளி வகுப்பை மூடிவிட்டு அந்த அறையில் சுக்கு மூட்டை அடுக்கிவிடுவார். என் பிழைப்பும் அதோடு சரி.

ரெண்டு விரல்

ரோபோ வந்த பெட்டியைப் பிரித்ததும் முதலாளி கீழேயிருந்து மூச்சு வாங்க ஏறி வந்தார். முழங்கை உயரம்தான் இருக்கும், பயிற்சிக்கென்றே செய்த இரும்புக் கை. இடுப்பு திரும்பும், தோள் மடங்கும், நுனியில் இடுக்கி போல ரெண்டு விரல். முதலாளி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் முகம் வாடிவிட்டது.

மிளகுக்காரர்கள் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேசி முடிப்பார்கள். நான் மோட்டார், கியர் என்று விளக்கியதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை. இரும்பு விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எந்தா சாமீ இது, ரெண்டு விரல்தானா? இவன் எங்ஙனெ விலை பேசுவான்?"

கார்டு இல்லாத சுமைக்காரன்

மாடியில் சுமை தூக்கும் யந்திரம் வந்திருக்கிறது என்ற சேதி பஜாரில் பரவிவிட்டது. மறுநாளே சுமைத் தொழிலாளர் யூனியன் தலைவர் பீரான்க்கா ஆட்களோடு வந்து வாசலில் நின்றார். அந்தத் தெருவில் யூனியன் கார்டு இல்லாமல் ஒருவன் மூட்டையில் கை வைத்துவிட முடியாது. ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்துவிட்டு, கையை ஓட்டிக் காட்டினேன்.

கை ஒரு சோப்புக்கட்டி அளவு மரத்துண்டை எடுத்தது. முனகியது. யோசிப்பது போல நின்றது. திரும்பி, குனிந்து, ஒரு சாண் தள்ளி வைத்தது. அதற்குள் பீரான்க்கா பீடி ஒன்றைப் பற்றவைத்துக் குடித்தே முடித்திருந்தார். எழுந்து என் தோளில் ஆறுதலாகத் தட்டினார்.

"பயப்படாதே சாமீ. இவனுக்குக் கார்டு கொடுத்தா யூனியனுக்குத்தான் நாணக்கேடு."

கோமதி ஆற்றிய சாயா

மாணவர்களில் கெட்டிக்காரி கோமதி. படகுத்துறைக்குப் பக்கத்தில் சாயாக்கடை வைத்திருந்த தென்காசிக்காரரின் மகள். பொத்தான்கள் உள்ள ஒரு கைப்பெட்டியால் ரோபோவை ஒவ்வொரு இடமாக நகர்த்தி, 'இதை நினைவில் வை' என்று பதிய வேண்டும். பிறகு அதே வரிசையில் அது தானே செய்யும். நான் மரத்துண்டை வைத்துப் பழகச் சொன்னேன். அவள் குவளையிலிருந்து உயரத் தூக்கிக் கிளாசில் சாயா ஊற்றப் பழக்கிவிட்டாள். தண்ணீரை வைத்துப் பார்த்தபோது ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லையாம்.

நான் உள்ளே வந்ததும் நிஜச் சாயாவோடு ஓட்டினாள். கை அழகாக உயர்ந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்திலிருந்த மாணவன் பிரான்சிஸ், கடையில் செய்கிற உபசாரப்படி, கிளாசை என் பக்கம் நகர்த்திவைத்தான். கைக்குக் கண் ஏது? பழைய இடத்திலேயே மொத்தத்தையும் ஊற்றியது. சாயா மேஜையில் ஓடி, ரோபோவின் அடிப்பாகத்தில் இறங்கியது. அதோடு இடுப்பு திரும்பவில்லை. மேனேஜர் வருவதற்கு இரண்டே நாள்தான் இருந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். கோமதிக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் விடவில்லை.

"கை செரியாத்தான் சார் ஊத்தினது. கிளாசுதான் மாறிப்போச்சு."

மேனேஜர் வந்தார்

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், சிரிக்கத் தெரியாத மனிதர் போல இருந்தார். அவர் ஃபாக்டரியில் ரோபோவே கிடையாது என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார். இயந்திரத்தோடு பழகிய ஆள்தான் அவருக்கு வேண்டும். இடுப்பு திரும்பாததால் கோமதி எல்லாவற்றையும் ஒரே நேர்கோட்டில் அமைத்திருந்தாள். முன்னாலிருந்து எடுத்து, அதற்கும் முன்னால் வைத்தது கை. "ஏனுங்க, இது திரும்பாதுங்களா?" என்றார் அவர்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தயாராகத்தான் இருந்தேன். "கடல் காத்து சார், உப்பு..." என்று ஆரம்பித்தேன். "இல்ல சார், நான் சாயா கொட்டிட்டேன்," என்றாள் கோமதி. "கை ஓடுறப்போ யாரும் எதையும் தொடக்கூடாதுன்னு நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லலை." என் கண்ணுக்கு அங்கே சுக்கு மூட்டைகள் தெரிய ஆரம்பித்தன. மேனேஜர் அவளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்க ஃபாக்டரியில மெஷின் எல்லாம் தானாத்தானுங்க கெட்டுப்போகும். கெடுத்தது நான்தான்னு சொல்ற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன். திங்கக்கிழமை வரச்சொல்லுங்க."

ரோபோவைக் கெடுத்த பெண்ணுக்கு ரோபோவே இல்லாத ஃபாக்டரியில் வேலை கிடைத்து, அதனால் ரோபோ வகுப்பு பிழைத்த கதையை அடுத்த வருஷம் சேர வந்தவர்களுக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.