உப்புத்தாளா, புது ரோலரா

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்க் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திருதிருவென்று முழித்துக்கொண்டிருக்கிறது. பார்க்க வந்த பையன், "சார், ரேம் கூடப் போடலாம், இல்ல ஹார்ட் டிஸ்க்கை மாத்தலாம். இன்னும் எத்தனை வருஷம் வெச்சுக்கப் போறீங்கன்னு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி பண்ணிடலாம்" என்றான். சாதாரணக் கேள்விதான். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பையன் பதறிப்போய், "புதுசு வாங்கச் சொல்லலை சார்" என்றான்.

அவன் மூடியைக் கழற்றியபோது வந்த தூசி வாசனையும் ஒரு காரணம். எழுபதுகளில் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். கூடத்து ஜன்னலோரம் ராஜி அக்காவின் டைப்ரைட்டர். மூர் மார்க்கெட்டில் அப்பா பழசாக வாங்கிய இரும்புப் பூதம். தூசியும் மெஷின் எண்ணெயும் ரிப்பன் மையும் கலந்த வாசனை அந்த மூலையில் எப்போதும் இருக்கும், அக்காவின் புடவையிலும் இருக்கும். வக்கீல் காகிதம், ஆராய்ச்சிக் கட்டுரை என்று வீட்டிலேயே அடித்துக் கொடுப்பாள். அப்பா ரிடையர் ஆகிவிட்டார். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், அதாவது பெரும்பாலும் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். குடும்பம் ஓடியது அந்த மெஷினில்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு வருஷம் ரோலர் கெட்டுப்போயிற்று. காகிதத்தைச் சுற்றிப் பிடிக்கிற கறுப்பு ரப்பர் உருளை அது. இறுகிப்போனால் காகிதம் வழுக்கும், வரி கோணும், முற்றுப்புள்ளி வைத்த இடத்தில் ஓட்டை விழும். ஓர் ஆராய்ச்சிக்காரர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, சல்லடையா?" என்றே கேட்டுவிட்டார்.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து மெக்கானிக் தாஸ் வந்தார். ரோலரை நகத்தால் கீறிப் பார்த்தார். "கல்லாப் பூட்ச்சு சாமி. உப்புத்தாள் போட்டுத் தேச்சுக் குடுத்தா ஒரு ஆறு மாசம் ஓடும். புச்சா போட்டுக்கினா அஞ்சாறு வருசத்துக்குக் கவலையே இல்ல. இன்னா சொல்றீங்க?"

"புதுசே போட்டுடலாம்" என்றார் அப்பா.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. முந்தின வாரம்தான் அடையாற்றிலிருந்து பிள்ளை வீட்டார் வந்து அக்காவைப் பார்த்துவிட்டு, சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "சொல்லியனுப்பறோம்" என்று போயிருந்தார்கள்.

"அஞ்சாறு வருஷமா! எதுக்கு? தேச்சே குடுத்துடுப்பா" என்றாள் அம்மா.

"ஆறு மாசத்துல மறுபடியும் இவரைக் கூப்பிடணுமே?"

"அப்பவும் அவ இந்தாத்துலயே இருந்தான்னா கூப்பிடுங்கோ. நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில?"

தாஸ் திகைத்துப்போனார். "இன்னாம்மா, நான் மெஷினுக்குத்தானே கேக்கறேன்?"

அப்பாவுக்கும் கோபம் வந்தது. அக்கா போய்விட்டால் வீடு எப்படி நடக்கும் என்ற பயம் அவருக்கு, போகாமலே இருந்துவிட்டால் என்ற பயம் அம்மாவுக்கு. இரண்டு பேரும் ரப்பரைப் பற்றியே சண்டை போட்டார்கள். சமையலறையிலிருந்து அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"புதுசே போடட்டும்மா. நான் போறச்சே மெஷினையும் எடுத்துண்டு போறேன். அங்கே அடிக்கப்படாதா என்ன?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கரீட்டு" என்று தாஸ் ரோலரைக் கழற்றினார்.

அடையாற்றிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. அப்புறமும் சிலர் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். 'சம்பாதிக்கிற பொண்ணு, அவாத்துல விடமாட்டா' என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பாவிகள்! ஆனால் அது முழுப் பொய்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ரோலர் என்னவோ நன்றாகத்தான் உழைத்தது. அது மறுபடி வழுக்க ஆரம்பித்தபோது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தாஸ் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, "உப்புத்தாள் போட்டா ஆறு மாசம்" என்று தொடங்கினார். அம்மா முடிக்க விடவில்லை. "புதுசே போட்டுடுப்பா. நல்ல கெட்டியாப் பார்த்துப் போடு" என்று சொல்லிவிட்டு, மோர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனாள். மோர் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கூடத்தில் அக்கா தலை நிமிராமல் ரிப்பனைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். பத்திரிகை உறைகளுக்கு அக்காதான் விலாசம் அடித்தாள், ஒரு வரி கோணாமல். கடைசி உறையை உருவிவிட்டு விரல்களைச் சொடுக்கிக்கொண்டாள். "பொண்ணு பார்த்த அன்னிக்கே சரின்னு சொல்லிட்டியே, அது ரொம்ப நல்ல காரியம்டா. காக்க வெக்கப்படாது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்தச் சந்தில் இப்போது அடுக்குமாடிகள். எந்த ஜன்னலிலும் டைப் அடிக்கிற சத்தம் இல்லை. தாஸ் போயாச்சு, அப்பா அம்மா போயாச்சு, போன ஆடியில் அக்காவும் போய்விட்டாள். அவளும் சேதி வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று எனக்கு அந்த உறைகளின் முன்னால்தான் தெரிந்தது. அதைச் சொல்லிக்கொண்டு அழ அந்த வீட்டு மனிதர் ஒருவர்கூட மிச்சமில்லை.