ஆறரை கொடுத்த ஒன்பது

எங்கள் வார இதழின் அலுவலகத்தில் அவரை எல்லாரும் ஆறரை என்றே அழைத்தார்கள். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கன்சோல் விளையாட்டுகளுள், கடைக்குப் போகாமல் வீட்டிலிருந்தே தரவிறக்கிக்கொள்ளக்கூடியவற்றை ஆடிப் பார்த்துப் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் இடுவது அவர் வேலை. பதினான்கு ஆண்டுகளில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகளுக்கு மதிப்பெண் இட்டிருந்தார். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெற்றது ஆறரை.

இதற்கு அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. ஆறு என்றால், இரண்டாண்டு உழைத்து அதை உருவாக்கியவர்களின் மனம் நோகும். ஏழு என்றால், வாசகர் நம்பி வாங்கிவிடுவார். இரண்டு பாவங்களுக்கும் நடுவே அரை மதிப்பெண் அளவுக்கு இடம் இருந்தது. அவர் அங்கேயே குடியிருந்தார்.

ஆனால் சோம்பேறி என்று அவரை ஒருவரும் சொல்ல முடியாது. முடிவுத் திரையைக் காணாமல் எந்த விளையாட்டைப் பற்றியும் ஒரு சொல்லும் எழுதமாட்டார். பெட்டிகளைத் தள்ளும் புதிர் ஒன்று வந்தது. அதன் நானூறு கட்டங்களையும் தள்ளி முடித்து, இரண்டு கட்டைவிரல்களிலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்து, “பெட்டிகள் சற்று அதிகம்” என்று எழுதிக் கொடுத்தார். பிழை திருத்தும் என் மேசைக்கு வந்த தாள்களில் அவருடையவைதாம் மிகத் தூய்மையானவை. அவற்றில் திருத்துவதற்கு ஒன்றும் இராது. நினைவில் வைத்துக்கொள்வதற்கும் ஒன்றும் இராது.

வீட்டில் அவருடைய பணியிடம் கூடம். தொலைக்காட்சிக்கு எதிரே ஒரு நீள இருக்கை. அதன் இடப்பக்கம் பிரம்பு நாற்காலி. நீள இருக்கை அவருக்கு, பிரம்பு நாற்காலி மாமனாருக்கு. மருந்துக்கடையில் வேலை செய்யும் மனைவி மாலையில் திரும்பும்போது இருவரும் காலையில் விட்டுச்சென்ற இடங்களிலேயே இருப்பார்கள்.

“சாப்பாடு எப்படி இருக்கு?” என்று ஒருநாள் அவள் கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு.”

“அதாவது ஆறரை.”

“நான் அப்படிச் சொல்லலையே.”

“சரி, கல்யாணம் ஆகிப் பதினேழு வருஷம் ஆச்சு. அதுக்கு எவ்வளவு போடுவீங்க?”

அவர் உண்மையாகவே யோசித்தார். “அது எப்படிம்மா இப்பவே சொல்றது? இன்னும் முடியலையே.”

அந்த வாரம் தலைவலி மாத்திரை வாங்க வந்தவர்களும் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் மருந்துக்கடையை விட்டுப் போனார்கள்.

மாமனார் முப்பத்தோர் ஆண்டுகள் பேருந்துகளில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டு வாங்காதவரை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார் என்று அவருக்குப் பெயர். மருமகனின் தொழிலை அவர் ஒருநாளும் இகழ்ந்ததில்லை, விளக்கத்தான் சிரமப்படுவார். தொலைபேசியில் யாரேனும், “மாப்பிள்ளை வேலைக்குப் போயிட்டாரா?” என்று கேட்டால், “இல்லைங்க, இங்கதான் வேலையா இருக்கார். ஒரு பூதத்தைக் கொன்னுட்டு இருக்கார், முடிஞ்சதும் பேசச் சொல்றேன்” என்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்வில் ஒரு திங்கட்கிழமை ஆசிரியர் அவரைத் தம் அறைக்கு அழைத்தார்.

“என்னய்யா ஆறரை, உன் பக்கத்தைப் படிச்சா விளையாட்டுக்கு மார்க் போட்ட மாதிரி இல்ல. வெயில் அளவு போட்ட மாதிரி இருக்கு. வருஷம் பூரா ஒரே டிகிரி.”

“வர்றதெல்லாம் அந்த மாதிரிதான் சார் வருது.”

“இந்த வாரம் ஒண்ணு ஏறணும், இல்ல இறங்கணும். மறுபடியும் மார்க் பெட்டியில ஆறரைன்னு பார்த்தேன், பக்கத்தைக் குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கொடுத்துடுவேன். அதுலயாவது கட்டத்துக்குக் கட்டம் எழுத்து மாறுது.”

ஆசிரியர் சொன்னால் செய்வார். சமையல் பக்கமும் சோதிடப் பக்கமும் அப்படித்தான் போயின. நாற்பத்தெட்டு வயதில் ஆறரைக்கு வேறு தொழில் தெரியாது. அந்தப் பக்கம் போனால், கூடத்தில் பகலெல்லாம் அமர்ந்து ஆடுவதற்கு அவரிடம் ஒரு காரணமும் மிஞ்சாது.

புதன்கிழமை வந்த பட்டியலில் மூன்று விளையாட்டுகள் இருந்தன. இரண்டு புதியவை: ஒன்றில் நத்தை ஒன்று தன் தாயைத் தேடியது, மற்றொன்றில் தாய் நத்தையைத் தேடினாள். மூன்றாவதைக் கண்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். அது ‘ஏணி வண்டி’. காசு போட்டு ஆடும் பழைய பெட்டியிலிருந்து அப்படியே கன்சோலுக்கு மாற்றப்பட்டிருந்தது.

பத்து வயதில், பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில், அந்தப் பெட்டியின் முன் ஓராண்டு முழுவதும் நின்றவர் அவர். தீப்பிடித்த கட்டடத்தின் சன்னல்களிலிருந்து ஆட்கள் குதிப்பார்கள். தீயணைப்பு வண்டியை இடமும் வலமும் ஓட்டி, ஏணியின் நுனியில் கட்டிய வலையில் அவர்களைப் பிடிக்க வேண்டும். அவரிடம் ஒருநாளும் காசு இருந்ததில்லை. ஆனால் யாரும் ஆடாதபோது அந்தப் பெட்டி ஆட்களைக் கவர்வதற்காகத் தானே ஆடிக் காட்டும். அந்த நேரத்தில் பிடியைப் பற்றிக்கொண்டு, வண்டி போகும் பக்கமெல்லாம் அவரும் திருப்புவார். இடம், இடம், சற்றே நிறுத்தம், வலம், மீண்டும் இடம். சில மாதங்களில் வண்டி திரும்புவதற்கு முன்பே கை திரும்பியது. பின்னால் நின்ற பிள்ளைகள் அவரை மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று நம்பினார்கள். திரையின் அடியில் ‘காசு போடவும்’ என்று ஒரு வரி மின்னிக்கொண்டே இருக்கும். அந்த வரியைப் பாராமலிருக்க அவர் தம் கண்களைப் பழக்கியிருந்தார்.

வியாழன் காலை, மாமனார் பக்கத்தில் அமர்ந்திருக்க, விளையாட்டைத் திறந்தார். அதே இசை, அதே சிவப்பு வண்டி. கை தானாகவே நகர்ந்தது. இடம், இடம், நிறுத்தம், வலம். மூவரைப் பிடித்தார். நான்காவது ஆள் கைநழுவிப் போனார். மீண்டும் தொடங்கியது, மீண்டும் மூவரைப் பிடித்தார். ஒன்றரை மணி நேரம் அவர் முகத்தில் இருந்த ஒளியை மாமனார் அதற்குமுன் கண்டதில்லை.

முடிவுத் திரை என்ற ஒன்றை அவர் தேடவில்லை. அக்காலத்து விளையாட்டுகளுக்கு முடிவே கிடையாது. ஆடுபவர் தோற்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். எனவே விதியை மீறாமலேயே எழுத உட்கார்ந்தார். மாலையில் என் மேசைக்கு வந்த விமர்சனத்தை நான் இருமுறை படித்தேன். இரண்டாம் முறை திருத்துவதற்காக அல்ல. “நினைப்பதற்கும் வண்டி திரும்புவதற்கும் இடையே ஒரு நொடியின் சிறு பகுதிகூட வீணாவதில்லை. சொல்லப்போனால், நினைப்பதற்கு முன்பே திரும்பிவிடுகிறது” என்று எழுதியிருந்தார். “எத்தனை முறை முயன்றாலும் நான்காவது ஆளைக் காப்பாற்ற முடிவதில்லை. இந்தக் கடுமையில் ஒரு நேர்மை இருக்கிறது” என்றும் எழுதியிருந்தார். அடியில் இருந்த எண் ஒன்பது.

ஆசிரியர் அந்தத் தாளைக் கையில் ஏந்தியபடி அலுவலகம் முழுவதும் நடந்தார். அட்டை அன்றிரவே அச்சுக்குப் போக வேண்டும். அதன் மூலையில், “ஆறரை ஒன்பது கொடுத்த விளையாட்டு” என்று சிவப்பு எழுத்தில் சேர்க்கச் சொன்னார். உள்பக்கங்களுக்கு வெள்ளி மாலைவரை நேரம் இருந்தது.

வெள்ளி காலை மாமனார் பிரம்பு நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒண்ணு கேட்கலாமா மாப்பிள்ளை?”

“கேளுங்க மாமா.”

“அந்த நாலாவது ஆளு. சட்டை கிழிஞ்சவரு. அவரை மட்டும் ஒவ்வொரு தடவையும் விட்டுட்டீங்களே, ஏதாவது பகையா?”

“அவர் கஷ்டமானவர் மாமா. யாராலயும் பிடிக்க முடியாது.”

“அது சரி. ஆனா நடுவுல நீங்க தண்ணி குடிக்கப் போனீங்க. அப்பவும் வண்டி கரெக்டா மூணு பேரைப் பிடிச்சு, நாலாவது ஆளை விட்டுச்சே.”

ஆறரை விளையாட்டை மீண்டும் திறந்தார்.

“கீழ ஏதோ ஒரு வரி மின்னிக்கிட்டே இருந்தது. கண்ணாடி போட்டுப் படிச்சேன். காசு போடச் சொல்லுது.” மாமனார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “டிக்கெட் எடுக்காம ஏறிட்டீங்க மாப்பிள்ளை.”

கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரின் ஓரத்தில், காசுக்குப் பதிலாக அழுத்துவதற்கென்று ஒரு சிறிய பொத்தான் இருந்தது. ஆறரை அதை அழுத்தினார். மின்னிய வரி மறைந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகளில் முதன்முறையாக அந்த வண்டி அவருக்காகக் காத்து நின்றது.

பிடியை இடப்பக்கம் திருப்பினார். வண்டி சற்று யோசித்துவிட்டு, அரை நொடி கழித்துப் புறப்பட்டது. அதற்குள் முதல் ஆள் தரையில் கிடந்தார். இரண்டாமவரும் மூன்றாமவரும் அவ்வாறே. மாற்றியவர்கள் அவ்வளவு அலட்சியமாக மாற்றியிருந்தார்கள். நண்பகல்வரை முயன்றும் ஒரே சுற்றில் இருவருக்குமேல் பிடிக்க முடியவில்லை. மாமனாரும் ஒருமுறை வாங்கி ஆடிப் பார்த்தார், எல்லாரையும் தவறவிட்டார்.

“இதுக்கு எவ்வளவு போடுவீங்க?”

“நாலு. இசைக்காகத்தான் நாலு.”

“நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் மாப்பிள்ளை.”

“தெரியும் மாமா.”

“முப்பத்தோரு வருஷத்துல தெரிஞ்சே ஒருத்தரை விட்டதில்ல. ஆனா சொந்த மாப்பிள்ளையை நடு ரோட்டுல எப்படி இறக்கிவிடுறது?”

ஆறரை சட்டையை மாற்றிக்கொண்டார். ஆடாத விளையாட்டைப் பற்றி அவர் எழுதியது அதுவே முதல்முறை. ஒன்பதை அப்படியே விட்டால் பக்கம் பிழைக்கும், ஒருவருக்கும் தெரியவராது. அவருடைய சொல்லை நம்பி வாங்குபவர்கள் தமக்குக் கைப்பழக்கம் போதவில்லை என்று எண்ணிக்கொள்வார்கள். அந்த எண்ணந்தான் அவரைப் பேருந்தில் ஏற்றியது.

ஆசிரியர் முழுவதையும் கேட்டார். பிறகு இன்னொரு முறை கேட்டார், இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு.

“அதாவது, ஒன்றரை மணி நேரம் அது பாட்டுக்கு ஆடிச்சு, நீ பார்த்துக்கிட்டு இருந்த.”

“கையை ஆட்டிக்கிட்டும் இருந்தேன் சார்.”

“அட்டை அச்சாயிடுச்சுய்யா. ஒன்பதுன்னு சிவப்புல போட்டாச்சு.”

“அதை மாத்த வேண்டாம் சார். ஒன்பது நான் கொடுத்ததுதான். அது தானா ஆடிக் காட்டினதுக்கு. நாம ஆடினா நாலு. ரெண்டையும் எழுதியிருக்கேன்.” மடித்த தாளை மேசைமேல் வைத்தார்.

காசில்லாத பையன், பெட்டி, மின்னும் வரி, மாமனாரின் கேள்வி, நான்காவது ஆள் என எல்லாம் அதில் இருந்தன. படிக்கும்போது ஆசிரியர் இருமுறை சிரித்துவிட்டார். இரண்டு முறையும் இருமலாக மாற்றப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். அதிலும் நான் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

பக்கத்தை வடிவமைக்கும் பெண் கணினியிலிருந்து தலையைத் திருப்பினாள். “மார்க் பெட்டியில ஒரு நம்பர்தான் சார் போகும். ரெண்டு போட்டா வெளிய வழியுது.”

“ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கிப் போடும்மா” என்றார் ஆசிரியர், எரிச்சலோடு.

அவள் விசைப்பலகையில் தட்டினாள். தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறரை தம் காலணிகளைக் கவனிக்கத் தொடங்கினார். அவர் முன்பே கணக்குப் போட்டுவிட்டிருந்தார்.

“எவ்வளவும்மா?”

“ஆறரை சார்.”

ஆசிரியர் திங்கட்கிழமை சொன்ன சொல்லும் அந்த அறையில்தான் இருந்தது. அந்தத் தாளும் அவர் கையில் இருந்தது. கடைசியில் அவர், பதினான்கு ஆண்டுகளாக ஆறரை செய்துவந்ததையே தாமும் செய்தார். பக்கத்தின் நடுவே பேனாவால் ஒரு கோடு இழுத்து, “மேல் பாதி உனக்கு, கீழ் பாதி குறுக்கெழுத்துக்கு. இனிமே எல்லா வாரமும்” என்றார்.

அன்று மாலை வீட்டில் மனைவி வாசலிலேயே கேட்டாள்: “என்ன ஆச்சு? பக்கம் இருக்கா, போச்சா?”

“பாதி இருக்கு.”

அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்களுக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு.”

மாமனார் தொலைக்காட்சியிலிருந்து பார்வையைத் திருப்பவில்லை. கன்ட்ரோலர் அவர் மடியில் இருந்தது; திரையில் சிவப்பு வண்டி அரை நொடி தாமதமாக நகர்ந்துகொண்டிருந்தது.

“பரவாயில்ல, உட்காருங்க மாப்பிள்ளை,” என்று நீள இருக்கையைக் காட்டினார். “அரை டிக்கெட்டும் டிக்கெட்தான். இனிமே யாரும் இறக்கிவிட முடியாது.”