மொன்றியல் சீனத் தோட்டத்தில் வத்சலாவைத் தேடியபோது

1996 ஆவணி. என் தங்கை வத்சலா கனடாவுக்கு வந்து ஏழு மாதமாகியிருந்தது. பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியிலிருந்த எங்கள் வீட்டிலிருந்து அவளைத் தனியே வெளியே அனுப்ப எனக்குத் துணிவு வரவில்லை. திங்கட்கிழமைத் தையல் வகுப்புக்குக்கூட நான்தான் கூட்டிப்போவேன். தொலைக்காட்சியில் மொன்றியலின் சீனத் தோட்டத்தைக் கண்டதும், அங்கே போகவேண்டும் என்று சைகையில் கேட்டாள்.

தூரம் ஏறத்தாழ 540 கிலோமீற்றர். பக்கத்து வீட்டு யோகன் அண்ணை தன் காரில் கூட்டிப்போனார். காலை ஐந்துக்குப் புறப்பட்டு, கிங்ஸ்டனில் கோப்பி குடித்து, பதினொன்றரைக்குச் சேர்ந்தோம். போய்வரப் பெற்றோல் அறுபது டொலர்.

தாவரவியல் பூங்காவுக்குள்தான் இந்தத் தோட்டம். வெள்ளைச் சுவர்கள், வட்ட வாசல், நடுவே குளம், அக்கரையில் பாறைகளை அடுக்கிக் கட்டிய குன்று. எங்கே நின்றாலும் முழுத் தோட்டமும் கண்ணில் படாது. ஒவ்வொரு திருப்பமும் இன்னொன்றைக் காட்டும். அந்த அழகே எனக்கு வினையாயிற்று.

திடீரென்று மழை கொட்டியது. எல்லோரும் ஓடினார்கள். மண்டபத்துக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தேன், வத்சலா இல்லை. கூப்பிட்டுப் பயனில்லை.

"தங்கச்சி, நீங்கள் உந்த வாசலில நில்லுங்கோ. நான் குளத்தைச் சுத்திப் பாத்துக்கொண்டு வாறன்," என்று என்னிடம் சொன்னார் யோகன் அண்ணை. என்னால் நிற்க முடியவில்லை. சுவரோரமாக ஓடினேன். கடைசியில், சுவரிலிருந்த யன்னல் வழியாக அவளைக் கண்டேன். அந்தப் பக்கத் தாழ்வாரத்தில் ஒரு சீன அம்மாவோடு நின்று, குளத்தில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவின் கை அவள் தோளில் இருந்தது. சுவரைச் சுற்றி அவர்களிடம் ஓடினேன்.

"இவ நல்லா இருக்கிறா. உங்களுக்காகத்தான் நிண்டனாங்கள்," என்ற பொருள்பட, உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார் அந்த அம்மா. அவருடைய சுற்றுலா பஸ்ஸிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து கூப்பிட்டும் அவர் போகவில்லையாம். அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னேன். பெயரைக் கேட்பதற்குள் மூன்றாவது முறையும் ஆள் வந்துவிட்டது.

நான் அழுவதைப் பார்த்து வத்சலா சைகை செய்தாள்: "நான் கையாட்டினேன் அக்கா. நீதான் பார்க்காமல் ஓடினாய்."

வாகனத்தருகே வந்தபோது யோகன் அண்ணை மெதுவாகச் சொன்னார்: "அவ பயப்பிடேல்லை. நீங்கள்தான் பயந்தனீங்கள்."

போகிறவர்களுக்கு: நுழைந்ததும் சந்திக்கும் இடத்தைப் பேசி வையுங்கள்; குடை கட்டாயம். முழு நாளை ஒதுக்குங்கள், அதே நாளில் திரும்புவது களைப்பு. அந்த அம்மாவை நான் பிறகு காணவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை வத்சலா தையல் வகுப்புக்குத் தனியே பஸ் ஏறினாள். நான் மறிக்கவில்லை.