கரத்தைக் கூண்டால் வேய்ந்த கூரை

பேராதனை ரோட்டில் இரண்டு கோப்பிக் கிட்டங்கிகள். மகாவலிக் கரையில் எந்த வெள்ளத்துக்கும் அசையாத செங்கல் சூளை. தெல்தோட்டைப் பக்கம், ஆடு ஏறவே யோசிக்கும் சரிவுகளில் வரிசை வரிசையாகத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்கள். கண்டிப் பட்டணத்துக்குள் நான் எழுப்பிய வீடுகளைச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பத்திரிகையில் வேறு எதற்கும் இடமிருக்காது. இத்தனையும் செய்தவன் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக நடந்தே வந்தவன். கூட வந்தவர்களில் பலரைக் காய்ச்சல் வழியிலேயே கொண்டுபோயிற்று. என்னிடம் அதன் ஜம்பம் பலிக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்ததே மீசை நரைத்த பிறகுதான். ஆனால் ஒரு சுவரை விரலால் தட்டினால் போதும், உள்ளே கட்டியவனின் யோக்கியதை எனக்குத் தெரிந்துவிடும்.

இப்போதும் பட்டணத்தில் யாருக்கு வீடு திருத்த வேண்டுமென்றாலும் முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். வந்ததும் கேட்பது ஒன்றே: "மேஸ்திரி, எந்த மாசத்துல கூரையப் பிரிக்கலாம்?" அதைக் கேட்டதுமே எனக்கு அந்த ஐப்பசி மாதத்துப் பகல் கண் முன்னால் வந்து நின்றுவிடும். கண்டிக்கு ரயில் வந்து இரண்டொரு வருஷம் ஆகியிருந்த சமயம். கோப்பிச் செடிக்கு இந்தப் பாழாய்ப்போன இலை நோய் பரவாத நல்ல காலம்.

கண்டியில் வீடு திருத்த மாதம் பார்ப்பது லேசான காரியமில்லை. வைகாசியில் பிடித்த சாரல் ஆவணி வரைக்கும் விட்டு விட்டு அடிக்கும். ஆடியில் நம்மவர்கள் வீட்டு வேலையில் கை வைக்க மாட்டார்கள். பெரஹரா ஊர்வல நேரத்தில் யானை போகும் தெருவில் சாரம் கட்ட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் பகல் திரும்பினால் இடியும் மழையும். போதாக்குறைக்கு அதுதான் கோப்பிப் பழம் எடுக்கும் காலம். ஆள், மாட்டுக் கரத்தை, தென்னோலைக் கிடுகு எல்லாவற்றையும் தோட்டங்கள் இழுத்துக்கொண்டுவிடும். தை பாதிக்கு மேல் பங்குனி வரைக்கும்தான் வானம் காயும். அப்போதோ பழம் எடுத்து முடித்த ஆட்கள் இந்தியக் கரைக்கு, ஊரைப் பார்க்க, கப்பலேறிவிடுவார்கள். அந்த ஆட்களில் நல்லவர்களைப் பேசி நிறுத்தி வைத்துக்கொள்ளத் தெரிந்த ஒரே மேஸ்திரி நான்தான். ஆகையால் என்னைக் கேட்டால், தை பிறந்து பொங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கூரையில் ஏறு என்பேன்.

அந்த வீட்டிலும் அப்படித்தான் சொன்னேன். பெரிய தெருவில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் வீடு. நான் கட்டியதல்ல, நான் கட்டியிருந்தால் பத்து வருஷத்தில் முகட்டு மரத்தைக் கறையான் தின்றிருக்காது. வீட்டுக்காரப் பெரியவர் ஒரு காலத்தில் கண்டிக்கும் கொழும்புக்கும் கோப்பிக் கரத்தை ஓட்டியவர். தானே மாடு பூட்டி, தானே கரத்தையில் தூங்கி, பிறகு பல கரத்தைகளுக்கு முதலாளி ஆனவர். என்னைப் போல் கையால் முன்னுக்கு வந்த மனுஷர் என்பதால் அவரிடம் எனக்கு ஒரு மதிப்பு. ரயில் வந்தது, கொழும்புப் பாதையில் கரத்தை ஓட்டம் நின்றது. அதன் பிறகு அவரும் பாரிசவாதத்தில் விழுந்துவிட்டார். பேச்சுக் குழறிப் போய், பிறகு அதுவும் நின்றுவிட்டது. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, ஈரம் பட்டால் ஆள் தாங்காது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

அவர் படுத்திருந்த அறைக்கு நேர் மேலேதான் முகட்டு மரம் வளைந்து நின்றது. மகன் என் பேச்சைக் கேட்டுத் தை வரைக்கும் முட்டுக் கொடுத்து வைக்கலாம் என்றார். அவருடைய தாயார் திரைக்குப் பின்னால் இருந்தபடியே ஒரே போடாகப் போட்டார்.

"ரஜபு மாஸம் பொறந்திக்கி. வாப்பா இந்தக் கூரையெப் போட்டதும் ரஜபுல. ஒரு சொட்டு வுழுந்திச்சா? இப்பவும் ரஜபுலதான் புரிக்கணும்."

மகன் தலையைச் சொறிந்தார். "உம்மா, அந்த ரஜபு மாசியில வந்திச்சு. நம்மட மாஸம் வருஷா வருஷம் முந்தி முந்தி வாரது. இது ஐப்பசி."

"மாஸம் ஓடினா அதுட பரக்கத்தும் ஓடுமா?"

பரக்கத்து என்றால் அவர்கள் பேச்சில் ஆண்டவன் அருள். பேச்சில் என்னை மடக்கியவர்கள் கண்டியில் அதிகம் பேர் கிடையாது. அந்த அம்மா மடக்கிவிட்டார்.

சரி, பாதி பாதியாகப் பிரிப்போம் என்று ஆரம்பித்தேன். முதலில் பின்பக்கக் கூரை. பெரியவர் முன்பக்க அறையில் பத்திரமாக இருப்பார். பிரித்த இடத்தைத் தற்காலிகமாக மூடக் கிடுகுக்குக் குருணாகல் பக்கம் ஆள் அனுப்பினேன். தோட்டத்துக்காரர்கள் கோப்பி காயவைக்கும் கொட்டில்களுக்கு என்று மொத்தத்தையும் வாங்கிவிட்டார்கள், அடுத்த கரத்தையில் வரும் என்றார்கள். பின்பக்கத்து ஓட்டைக் கழற்றினோம். அன்று காலையில் முன்பக்கத்து முகட்டு மரம் ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரிந்தவன் அங்கே நான் ஒருத்தன்தான். ஓட்டுப் பாரம் இறங்காவிட்டால் மரம் பெரியவர் மேல் விழும். வேறு யோசனைக்கு நேரமில்லை. ஆட்களை ஏற்றி ஓட்டை இறக்கினேன், மரத்தைக் கயிறு கட்டி இறக்கினேன், ஒரு துண்டு மண்கூடக் கட்டிலில் விழவில்லை. அந்த வேலையைப் பார்க்கத் தெருவே கூடி நின்றது.

முடித்து நிமிர்ந்து பார்த்தால் ஹந்தானை மலை இல்லை.

மலை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சுவர். அது வாவியைத் தாண்டி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. காற்று சில்லென்று அடித்தது. கீழே நாலு சுவருக்கு நடுவில் பெரியவர் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கினார்கள். அறை வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை; மூச்சு நின்று முகத்தில் நீலம் பாய்ந்துவிட்டது. அலறி அடித்துக்கொண்டு மறுபடி கட்டிலில் கிடத்தினார்கள். மூச்சு மெல்லத் திரும்பியது. இனி அவரை அசைக்க முடியாது. மகன் ஒரு பாயை விரித்துத் தகப்பனுக்கு மேல் தன் கையாலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பாவம், வருகிற மழைக்கு அந்தப் பாய் எந்த மூலைக்கு?

நான் சுவர் மேல்தான் நின்றிருந்தேன். அங்கிருந்து தெரு முழுக்கத் தெரியும். தெல்தெனியப் பக்கத்திலிருந்து ஸ்டேஷனுக்குக் கோப்பி ஏற்றி வந்த கரத்தைகள் ஒன்றன் பின் ஒன்றாக, தெருக்கோடி வரைக்கும் நின்றன. ஒவ்வொன்றின் மேலும் மூங்கிலை வளைத்து ஓலை பின்னிய கூண்டு. அத்தனை கூரை தெருவில் நிற்கிறது, என் வீட்டுக்கு மட்டும் கூரை இல்லை! பார்த்தேன். என் தொண்டைக்கு அன்றைக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ தெரியாது.

"கூண்டக் கழட்டிக் குடுங்கய்யா! உள்ள ஒரு மனுசன் சாகக் கெடக்குறாரு!"

முன்னால் நின்ற கரத்தைக்காரன் நம் ஆள்தான். அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். "கூண்டயா? கோப்பி நனஞ்சா தொர எந் தோலக் கழட்டிருவான். நீ குடுப்பியா தோலு?"

"தோல நான் தாறேன்டா! மொத கூண்டக் குடு!"

அவன் அசையவில்லை. அவனுக்குப் பின்னால் நின்ற கரத்தையில் ஒரு சிங்களக் கிழவர். அவர் குடுமியைத் தட்டி முடிந்துகொண்டே, மேஸ்திரி ஐயா என்பதை மட்டும் சிங்களத்தில் வைத்து, மற்றதைத் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "பாஸ் உன்னஹே, ஆரு வீடு அது?"

"பெரிய முதலாளி வீடுங்க. வெள்ள மாட்டுக் கரத்த முதலாளி."

"அடே! நம்ம முதலாளியா? முந்தியே சொல்ல ஏலாதா உனக்கு?"

சொல்லி முடிக்கவில்லை, கிழவர் கூண்டின் கட்டை அறுக்கத் தொடங்கிவிட்டார். அறுத்துக்கொண்டே பின்னால் திரும்பிச் சிங்களத்தில் ஏதோ கத்தினார். அந்தச் சத்தம் கரத்தையிலிருந்து கரத்தைக்குத் தாவித் தெருக்கோடிக்கு ஓடியது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்: வரிசையில் நின்ற கரத்தைகளின் கூண்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக எழும்பின. தோலைக் கேட்டவனும் தன் கூண்டைக் கழற்றினான். "தோலு உங்கிட்டயே இருக்கட்டும், பத்திரமா வச்சிரு!" என்று என்னைப் பார்த்து ஒரு சத்தம் வேறு.

கூண்டு போன கரத்தையில் கோப்பி மூட்டை வெட்டவெளியில் கிடந்தது. இரு பக்கக் கடைக்காரர்களும் அவர்களாகவே பலகைகளைத் தூக்கி வைத்துக் கடையைத் திறந்துவிட்டார்கள். துணிக்கடை, அரிசிக்கடை, கருவாட்டுக்கடை என்று பார்க்கவில்லை. வேலித் தகராறில் பெரியவர் வீட்டோடு வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத அடுத்த கடைக்காரர், தன் மேசையைத் தெருவில் இழுத்துப் போட்டுவிட்டு, மூட்டைக்கு இடம் பண்ணினார். தெருவில் போன வந்தவரெல்லாம் தோள் கொடுத்தார்கள்.

நானும் சும்மா நிற்கவில்லை. சாரக் கம்புகளைச் சுவருக்குச் சுவர் குறுக்கே போட்டு இறுக்கினேன். கீழிருந்து கூண்டுகள் கைமாறிக் கைமாறி மேலே வந்தன. ஆமைகள் கூட்டமாகச் சுவரேறி வந்தால் எப்படியிருக்கும், அப்படி. முதல் கூண்டை வாங்கிக் கட்டிலுக்கு நேர் மேலே கவிழ்த்தது இந்தக் கை. அதன் விளிம்பில் அடுத்தது, அதன் மேல் அடுத்தது என்று ஓடு அடுக்குவது போல அடுக்கிக் கட்டினோம். கூண்டுக்கும் கூண்டுக்கும் இடையில் சந்து விழுந்தது. தெருவில் ஒரு சிங்களத் தாய் பிள்ளைகளோடு தாளிப்பனை ஓலை பிடித்து நின்றிருந்தாள். விசிறி மாதிரி மடிக்கலாம். விரித்தால் ஒரு குடும்பமே அதற்குள் நனையாமல் நிற்கும், அப்படிப்பட்ட ஓலை. அவள் அதை மடித்து மேலே நீட்டினாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினாள். அதைப் பார்த்து இன்னும் நாலைந்து ஓலைகள் வந்தன. சந்தெல்லாம் அடைந்தது.

கடைசிக் கயிற்றை நான் இழுத்துக் கட்டவும் மழை வந்து விழவும் சரியாக இருந்தது.

எத்தனையோ மழை பார்த்தவன் நான். இது விழுந்த விதமே வேறு. வாவி தலைகீழாகக் கவிழ்ந்தது போல் இருந்தது. எதிர் வரிசைக் கடைகள் கண்ணில் படவில்லை. கூண்டு கழற்றிய கரத்தைகளும் மாடுகளும் தெருவில் நனைந்து நின்றன. கரத்தைக்காரர்கள் நனைந்தபடியே சுவரோடு சுவராகச் சாய்ந்து, சாரக் கம்புகளை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைப் பிடிக்கச் சொல்லவில்லை. கூலி என்று ஒரு வார்த்தை எந்த வாயிலிருந்தும் வரவில்லை. நான் சாரத்தின் மேல் குப்புறப் படுத்து, ஓலைச் சந்து வழியாக உள்ளே பார்த்தேன். எங்கேயாவது சொட்டுகிறதா என்று பார்க்கத்தான்.

சொட்டவில்லை. கட்டில் காய்ந்திருந்தது. பெரியவர் கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வளைந்த மூங்கில், கரி பிடித்த ஓலை, அதன் மேல் மழைச் சத்தம். அவர் உதடு அசைந்தது. பேச்சு நின்றுபோன மனுஷர்! மகன் குனிந்து காதைக் கொடுத்தார். அதற்குத் தேவையிருக்கவில்லை. எனக்கே கேட்டது.

"மாடு தண்ணி குடிச்சிச்சா?"

மகன் திகைத்து விழித்தார். அவர் கரத்தையில் பிறந்து வளர்ந்தவரல்ல. எனக்குப் புரிந்துவிட்டது. பெரியவர் தன் கரத்தைக்குள் படுத்திருக்கிறார். கரத்தை எங்கேயோ மழையில் போய்க்கொண்டிருக்கிறது.

"குடிச்சிருச்சுங்க முதலாளி" என்றேன் மேலிருந்தே.

"எங்க வந்தீக்கி?"

என்ன சொல்வது? கொழும்பு ரோட்டில் வாயில் வந்த இடத்தைச் சொன்னேன். "கடுகண்ணாவ எறக்கங்க."

"கட்டெ போடு. சில்லு ஓடிரும்."

வெளியே சாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த சிங்களக் கிழவருக்கு அந்தக் குரல் கேட்டிருக்கிறது. இறக்கத்தில் சக்கரம் ஓடிவிடாமல் பின்னால் கட்டை கொடுப்பதைத்தான் முதலாளி சொல்கிறார் என்று அவருக்குத் தெரியாதா? மழையை மீறிக் கிழவர் குரல் கொடுத்தார்: "கட்டெ போட்டாச்சு முதலாளி! தூங்குங்க!"

பெரியவர் சிரித்தார். ஒரு பக்கம் இழுத்துப்போன வாய், இருந்தாலும் அது சிரிப்புதான். அப்படியே தூங்கிப்போனார். சாரத்தின் மேல் படுத்திருந்த எனக்கு முதுகெல்லாம் மழை, ஆனால் உடம்பு சிலிர்த்தது மழையால் அல்ல. கோயிலில் கற்பூரம் ஏற்றும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

மழை ஓய்ந்ததும் திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது: "ரஜபுல ஒரு சொட்டு வுழாதுண்டு செல்லினேனா இல்லயா?" மகனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுத்துப் பேச யாருக்குத் துணிச்சல்? கட்டிலில் விழவில்லை என்பது நிஜம்தானே.

மறுநாள் கிடுகு வந்தது. கூண்டுகள் கரத்தைகளுக்குத் திரும்பின, கோப்பி ஸ்டேஷனுக்குப் போனது. பலா மரத்தில் புது முகடு ஏற்றினேன். அது இன்னும் ஒரு நூல்கூட வளையவில்லை, யாரும் போய்ப் பார்க்கலாம். பெரியவர் அதன் கீழ் இன்னொரு தை மாதம் வரைக்கும் இருந்தார். ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

இந்தக் கதை கண்டியில் பலருக்குத் தெரியும். பள்ளிவாசல் பக்கத்தில் ரஜபு மாதத்து பரக்கத் என்கிறார்கள். கரத்தைப் பேட்டையில் கரத்தைக்காரர்களின் விசுவாசம் என்கிறார்கள். கடைத்தெருவில் தங்கள் கடை திறந்ததைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எல்லாம் சரிதான், ஒன்றையும் நான் மறுக்கவில்லை. அந்தப் பட்டியலில் மேஸ்திரி மட்டும் எங்கே போனான்? என் பெயரைப் போட வேண்டாம்; சுவர் மேல் நின்று கூண்டைக் கேட்டவன் ஒருவன் இருந்தான் என்பதை இனிமேல் கதை சொல்கிறவர்கள் கட்டாயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால், அன்றைக்கு ஒருவன் வாய் திறந்து கேட்காமல் இருந்திருந்தால், அந்தத் தெருவில் இத்தனை பேர் கொடுக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தது யாருக்குமே, எனக்கும்கூட, தெரியாமலே போயிருக்கும்.