ஆறடிச் சுவர் கேட்டவர்

லுஹர் என்ற நண்பகல் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி மறுபடியும் கரகரத்தது. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தால் யாரோ மவுத்தாகிவிட்டார்கள், இறந்துபோனார்கள் என்று அர்த்தம். பாங்கு சொல்லும் மோதினார் வழக்கமான குரலில் ஆரம்பித்தார். மர்ஹூம் மீராலெவ்வையின் மகள், மர்ஹூம் ஆதம்பாவாவின் மனைவி, இன்னாருடைய சகோதரி என்று, காலஞ்சென்ற ஆண்களுக்கு 'மர்ஹூம்' சேர்த்துச் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூன்று ஆண்களின் பெயர்களைத் தாண்டிய பிறகுதான் 'சுபைதா உம்மா' என்ற பெயர் வந்தது. செருப்பை ஒரு காலில் மாட்டியபடி அப்படியே நின்றுவிட்டேன்.

சந்தையில் முப்பது வருடம் பாய் விற்றவர் அவர். பிரதேச சபையில் ஒரு தவணை உறுப்பினராக இருந்தவர். அறிவித்தலில் சபையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மோதினாரைக் குறை சொல்ல மாட்டேன், பொம்பிளைகளின் மவுத்தை அப்படித்தான் அறிவிக்கிறோம். ஆனால் அவரை அறிந்த உங்களுக்கும், அறிந்தும் அறியாதவன்போல இருந்த எனக்கும் சேர்த்து நான்கு விஷயங்களை எழுதி வைக்காவிட்டால் மனம் ஆறாது.

அவர் சபைக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும். பட்டியலில் இத்தனை பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்த நேரம் அது. கட்சிக்காரர்கள் வீடு வீடாக அலைந்தார்கள். புருசன்மார் உள்ள வீடுகளில் கதவு திறக்கவில்லை. கடைசியில் சந்தைக்குள் வந்து, கைம்பெண்ணாக இருந்த சுபைதா றாத்தாவின் பாய்க்கடைக்கு முன்னால் நின்றார்கள். வயதில் மூத்த பெண்களை றாத்தா என்றுதான் நாங்கள் அழைப்போம், அவரை ஊரே அப்படித்தான் அழைத்தது. "கையெழுத்து மட்டும் வெய்ங்க றாத்தா, கூட்டத்துக்கு வரத் தேவல்ல" என்று சொன்னார்களாம். "வராம இரிக்கிறதுக்கு என்னத்துக்கு மனே கையெழுத்து?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வைத்தாராம்.

முதலாவது அமர்வுக்கே வந்துவிட்டார். நான் நிருபர்களுக்கான மூலையில் இருந்தேன். வீதி விளக்கு, வடிகான், மையவாடி மதில் என்று வழமையான பிரேரணைகள் போய்க்கொண்டிருந்தன. அவர் எழும்பினார். சுற்றி வளைக்கவில்லை. "சந்தையில வியாபாரம் செய்யிற பொண்டுகளுக்கு ஒரு கக்கூஸ் வேணும்" என்றார். சபை முழுக்க மேசையைப் பார்த்தது. தவிசாளர் தொண்டையைச் செருமி, வழிமொழிபவர் யார் என்று கேட்டார். ஒருவரும் கையை உயர்த்தவில்லை. வழிமொழிய ஆளில்லாவிட்டால் பிரேரணை விழுந்துவிடும், அமர வேண்டும் என்று விளக்கினார்கள். "விழட்டும். நான் இரிக்க மாட்டன்" என்று நின்றார். அடுத்தடுத்த விஷயங்கள் நடந்தன, அவர் நின்றுகொண்டே இருந்தார். பாங்கு சொல்லும் வரை நின்றார். தொழப் போக வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு உறுப்பினர் "சரி, நான் வழிமொழியிறன்" என்று கத்தினார். அப்போதுதான் அமர்ந்தார்.

இந்த இடத்தில் என் பங்கைச் சொல்ல வேண்டும். மறுநாள் பத்திரிகைக்கு நான் அனுப்பிய செய்தியின் தலைப்பு 'சபையில் மலசலகூடப் புயல்'. கெட்டிக்காரத்தனமாக எழுதிவிட்டேன் என்ற நினைப்பு எனக்கு. அன்று மாலைக்குள் ஊரில் அவருக்குக் 'கக்கூஸ் மெம்பர்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவருடைய ஒரே மகள் நஸ்ரினுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் அடுத்த மாதம் குழம்பியது. மாப்பிள்ளை வீட்டார் வேறு காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவர் ஒரு நாள் என் வாசலுக்கு வந்தார். ஏச வருகிறார் என்று நினைத்து, உள்ளே போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். அவர் ஏசவில்லை. "பேர் வெச்சதெல்லாம் ஒண்டுமில்ல தம்பி. சந்தையில எத்தின பொண்டுகள் காலையில இருந்து பின்னேரம் அஸர் வரைக்கும் குந்திக்கிட்டிருக்காங்க எண்டு ஒரு வரி போட்டிருந்தா என்ன?" என்றார். நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. தினமும் அந்தச் சந்தைக்குள்தான் நடந்து போகிறேன்.

பிரேரணை நிறைவேறி, வரைபடம் சபைக்கு வந்தது. சந்தையின் பின்மதிலோரம், கதவு கிழக்கே மதிலைப் பார்த்தபடி ஒரு சிறிய கட்டடம். யார் வருகிறார், யார் போகிறார் என்று வெளியே தெரியாத இடம். அதைப் பார்த்தவுடன் சுபைதா றாத்தா எழும்பி, "இப்பிடி வெச்சா கிப்லாவுக்கு முதுகு காட்டியெல்லுவா இரிக்க வரும்?" என்று கேட்டார். தொழும்போது நாங்கள் நோக்கும் மக்காவின் திசைதான் கிப்லா. அவ்வளவுதான். அதுவரை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த சபைக்கு உயிர் வந்தது. முகத்தையும் காட்டக் கூடாது, முதுகையும் காட்டக் கூடாது என்று ஆளாளுக்கு மார்க்கச் சட்டங்களான மசாயில் பேசினார்கள். ஒருவர் திசைகாட்டியே கொண்டுவந்தார். மூன்று அமர்வுகள் இதிலேயே போயின. தொழில்நுட்ப உத்தியோகத்தர் கடைசியில் கட்டடத்தைக் கால் வட்டம் திருப்பி வரைந்தார். ஏகமனதாக நிறைவேறியது. எங்கள் சபையில் ஒன்று ஏகமனதாக நிறைவேறுவதென்றால் சும்மாவா!

திறப்பு விழாவில் நாடா வெட்டினார்கள், நான் படம் எடுத்தேன். மறுநாள் ஒரு பெண்ணும் உள்ளே போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. திருப்பிய கட்டடத்தின் கதவு இப்போது நேராகக் காசீம் காக்காவின் தேநீர்க்கடையைப் பார்த்து நின்றது. காலையிலிருந்து மாலைவரை அந்தக் கடையின் வாங்குகளில், நீளப் பெஞ்சுகளில், ஊரின் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன்மார், மாமன்மார், மகளுக்குப் பேச்சு வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள். அத்தனை கண்களுக்கும் முன்னால் எந்தப் பெண் அந்தக் கதவைத் திறப்பாள்? கிப்லாவைப் பற்றி மூன்று மாதம் பேசிய பதினெட்டுப் பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அங்கேயே இருந்து எழுதிக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை.

றாத்தா அந்தப் படியில் குந்தியிருந்ததை நான் பார்த்தேன். "நான்தான் தம்பி திருப்பினன்" என்றார். "அல்லாஹ்வுக்குப் பயந்தது பிழையில்ல. ஆனா மனுசன்ட கண்ண நான் யோசிக்கல்ல." அவர் தன் பிழையைத் தானே சொன்னார். மற்றவர்கள் யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

அதன் பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கதவுக்கு முன்னால் ஒரு மறைப்புச் சுவர். "ஆறடி ஒசரம், ரெண்டு பாகம் நீளம்" என்று கையை விரித்துக் காட்டுவார். மதிப்பீடு செய்ய வேண்டும் என்றார்கள். மதிப்பீடு வந்தபோது மழை வந்தது. மழை விட்டபோது சபையின் காலமே முடிந்துவிட்டது. தேர்தல் தள்ளிப் போனது, உறுப்பினர்கள் வீட்டுக்குப் போனார்கள், அதிகாரிகள் நிர்வாகத்தை எடுத்தார்கள். அவர் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் 'கவனத்தில் எடுக்கப்படும்' என்று பதில் வந்தது. எடுக்கப்படவில்லை. கட்டடத்துக்குள் மீன் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார்கள்.

ஒரு காலைப்பொழுதில் அவர் அந்த மீன் பெட்டிகளைத் தானே இழுத்து வெளியே போட்டார். கழுவினார். பிறகு, சந்தை வாசலில் முப்பது வருடமாக இருந்த தன் பாய்க்கடையைத் தூக்கிக்கொண்டு வந்து மலசலகூடத்துக்கு முன்னால் வைத்தார். இரண்டு தடிகளை நட்டு, கயிறு கட்டி, பன்பாய்களை அதில் வரிசையாகத் தொங்கவிட்டார். சுவர் ஆகிவிட்டது. ஆண்களுக்கு அது பாய்க்கடை. பெண்கள் பாய் பார்க்க வருகிறவர்கள்போல வந்து, பாய்களுக்குப் பின்னால் போய் வருவார்கள். பக்கத்து ஊரான வீரமுனையிலிருந்து கீரையும் மரக்கறியும் கொண்டுவரும் தமிழ்ப் பெண்களும் வந்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே வாய்விட்டுப் பேசாத பழைய காயங்கள் உண்டு. அந்தப் பாய்களுக்குப் பின்னால் அதெல்லாம் கணக்கில் இல்லை.

வாசலில் இருந்த வியாபாரம் அந்த மூலையில் இல்லை. பாயில் வாடை பிடித்திருக்கிறது என்று ஆட்கள் வாங்காமல் போனார்கள். மாரி காலத்தில் பாய்கள் நனைந்து தொய்ந்துவிடும். அப்போது ஒரு பாயை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். "நீங்க வாசலுக்கே போங்க றாத்தா, இஞ்ச கிடந்து என்னத்துக்கு?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "நான் போனா இது திரும்பக் கதவாயிரும் தம்பி" என்றார்.

அவருக்குச் சிறுநீரக நோய் என்று தெரிந்தபோது வைத்தியர் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டாராம். அதை எனக்குச் சொல்லிச் சிரித்தார். "கக்கூஸ் இல்லாத சந்தையில குந்தியிருந்தவளுக்கிட்ட கேக்கிற கேள்வியா அது? விடியச் சுபஹுக்கு அரைக் கோப்பை, ஊட்டுக்குப் போய்த்தான் மிச்சம். முப்பது வருசம்." அதுதான் காரணம் என்று எந்த வைத்தியரும் எழுதித் தரவில்லை, நானும் எழுத மாட்டேன். சந்தைப் பெண்களிடம் கேட்டால் அவர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். அவர்களில் நான்கைந்து பேருக்கு இப்போதே நீர்க்கடுப்பு.

இரத்தம் சுத்திகரிக்கப் போகாத நாட்களில் வந்து பாய்களைக் கட்டிவிட்டு, அதற்கடியில் படுத்துக் கிடந்தார். பிறகு அதுவும் இல்லை. மவுத்தான அன்றே அஸருக்குப் பின் நல்லடக்கம் நடந்தது. ஆண்கள் திரளாக வந்தார்கள். யாருக்காக அவர் நின்றாரோ அவர்கள் மையவாடிக்கு வருகிற வழக்கம் இல்லை. சந்தையில் அன்று பெண்கள் தங்கள் கடைகளை மூடிவிட்டு அப்படியே அமர்ந்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

புதிய சபை அவருக்கு அனுதாபப் பிரேரணை நிறைவேற்றியது. நஸ்ரினை அழைத்திருந்தார்கள். எல்லோரும் நன்றாகப் பேசினார்கள், ஒருவர் கண் கலங்கவும் செய்தார். கூட்ட மண்டபத்துக்குச் சுபைதா உம்மாவின் பெயரை வைக்கலாம் என்று தவிசாளர் முன்மொழிந்தார். இந்த முறை வழிமொழிய ஒரே நேரத்தில் ஐந்து கைகள் உயர்ந்தன. நஸ்ரின் எழும்பினாள். "உம்மாட பேர ஒரு இடத்திலயும் எழுத வேணாம். அந்தச் செவரக் கட்டித் தாங்க" என்றாள். அடுத்த அமர்வில் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதாகத் தவிசாளர் சொன்னார். அடுத்த அமர்வும் போய்விட்டது.

போன கிழமை காசீம் காக்காவின் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே கதவு மூடிக் கிடந்தது. தடிகள் இரண்டும் நட்டபடி, பாய் இல்லாமல் நின்றன. வீரமுனையிலிருந்து கீரை கொண்டுவரும் பரமேஸ்வரி அந்த வழியால் போனார். நலம் விசாரித்தேன். "சுபைதாக்கா போன நாளையில இரிந்து நாங்க தண்ணி குடிக்கிறல்ல தம்பி" என்றார். சுவர் விஷயமாக மறுபடியும் எழுதப் போகிறேன் என்றேன். அவர் என்னையும், என் கையிலிருந்த தேநீரையும், நான் உட்கார்ந்திருந்த வாங்கையும் பார்த்தார். "செவர் கட்டுறது சபைட வேல. இந்த வாங்கை அங்கால திருப்பிப் போடுறது ஆர்ர வேல?"

இத்தனை வருடமும் நான் சபையைத்தான் பார்த்து எழுதினேன். சுவர் மறைக்க வேண்டியிருந்தது என் கண்ணை. அன்று எழுந்து வாங்கைத் திருப்பிப் போட்டேன். மறுநாள் காலையில் போனபோது அது பழையபடி கதவைப் பார்த்துக் கிடந்தது, ஆட்கள் நிறைந்திருந்தார்கள்.

யா அல்லாஹ், அவருடைய மண்ணறையான கப்றை விசாலமாக்குவாயாக. சுபைதா றாத்தாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம் மட்டும். இப்போது அந்த வாங்கில் எல்லோரும் ஒரு பக்கம் பார்த்திருக்க, நான் மட்டும் சந்தைக்கு முதுகைக் காட்டி, கடைச் சுவரைப் பார்த்தபடி உட்காருகிறேன். சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். பின்னால் அந்தக் கதவின் கொண்டி விழும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தபடியே தேநீரைக் குடித்து முடிக்கிறேன். இன்றுவரை கேட்கவில்லை.