தம்பிக்குத் துணை

ஏழு வயதில்தான் நான் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டில் சேர்ந்தேன். ஏனென்று கேட்பவர்களிடம் "எங்கள் வீட்டில் அப்படித்தான்" என்று முன்பெல்லாம் சிரித்து மழுப்பிவிடுவேன். இப்போது மழுப்புவதில்லை. என் தம்பிக்காக என்னை இரண்டு வருடம் நிறுத்தி வைத்தார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இரத்தோட்டை டவுனுக்கு மேலே மலையில் இருந்தது. எனக்கு ஐந்து வயது முடிந்தபோது தம்பிக்கு மூன்று. காலையில் அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது எங்கள் இருவரையும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவார். தோட்டத்துக் குழந்தைகளையெல்லாம் பார்த்துக்கொள்ளும் இடம் அது. நான் பக்கத்தில் இல்லாவிட்டால் தம்பி அங்கே இருக்க மாட்டான், கத்திக் கூப்பாடு போட்டு அம்மாவை மலையிலிருந்து வரவழைத்துவிடுவான். ஆகவே நானும் அங்கேயே இருந்தேன். என் வயதுப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போக, நான் தொட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து திரிபோஷ சத்துமா உருண்டை தின்றேன்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாவுக்கே பொறுக்கவில்லை.

"இது ஸ்கூல் போற வயசுப் புள்ளதானே, இன்னும் ஏன் இங்க கொண்டாந்து விடுறீங்க?"

"தம்பி கொஞ்சம் வளரட்டும்க்கா. ரெண்டும் சேந்தே போகட்டும்" என்றார் அம்மா.

அப்பாவும் அதையே சொன்னார். அவர்களைப் பொறுத்தவரை அதோடு விஷயம் முடிந்துவிட்டது.

சேர்ந்தே போனோம். வகுப்பில் எல்லோரையும்விட ஒரு தலை உயரம் நான். தம்பி என்னை அக்கா என்று கூப்பிட, மொத்த வகுப்பும் அக்கா என்றே கூப்பிட்டது. மூக்கு ஒழுகினால் நான் துடைக்க வேண்டும், சண்டை வந்தால் நான் விலக்க வேண்டும். டீச்சர் வெளியே போகும்போது வகுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். எனக்கு அதில் ஒரே பெருமை. பெரிய பதவி கிடைத்துவிட்டதாக நினைப்பு! அந்தப் பெருமையை நினைத்தால்தான் இன்று அதிகமாக எரிகிறது.

ஐந்தாம் ஆண்டு வரை நான்தான் வகுப்பில் முதல். தம்பிக்குக் கணக்கு ஏறாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அவனை உட்கார வைத்து நான் சொல்லிக்கொடுப்பேன். பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் பிடிக்க எழுதும் புலமைப்பரிசில் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பும் நாள் வந்தது. அப்பா எங்கள் இருவருடைய பிறப்புப் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட அதிபர் என்னுடையதை இரண்டு தடவை பார்த்தார்.

"வயசு கூடிப்போச்சே. இந்தப் புள்ள எழுத முடியாது."

ஏன் இவ்வளவு பிந்திச் சேர்த்தீர்கள் என்று அதிபர் கேட்கவில்லை. வேறு வழி உண்டா என்று அப்பாவும் கேட்கவில்லை.

"பரவால்லைங்க சேர், மகன் எழுதுறான்தானே" என்றார்.

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் நான் கேட்கிறேன், யாருக்குப் பரவாயில்லை?

திரும்பி வரும் வழியில் "அப்ப நான்?" என்று கேட்டேன்.

"நீ தம்பிக்குத் துணையா போயிட்டு வா" என்றார் அப்பா.

போனேன். இரத்தோட்டையில் பரீட்சை. தம்பி உள்ளே எழுத, நான் கேட்டுக்கு வெளியே அவனுடைய தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போனார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பஸ்ஸில் வந்த சந்தோஷம் ஒரு பக்கம், பஸ் ஏற்றிவிடும்போது அப்பா தின்ன வாங்கித் தந்த பணிஸ் மறு பக்கம். தம்பி வெளியே ஓடி வந்தான்.

"அக்கா, நீ சொல்லித் தந்த கணக்கு வந்திச்சு!"

"செஞ்சியா?"

"செஞ்சேன்!"

அவனைவிட நான்தான் அதிகம் குதித்தேன்.

தம்பி பாஸானான். மாத்தளையில் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம், விடுதியில் தங்கிப் படிக்கலாம். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து எல்லோரும் வந்து அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா டவுனிலிருந்து தகரப் பெட்டி ஒன்று வாங்கி வந்தார்.

அவன் போகுமிடத்துக்கெல்லாம் நானும் போக வேண்டும் என்றுதான் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லி வைத்திருந்தார்கள். அவன் கிளம்புவதற்கு முந்தின நாள், பெட்டியில் அவன் சட்டைகளுக்குப் பக்கத்தில் என் இரண்டு வெள்ளைக் கவுன்களையும் மடித்து வைத்தேன். அம்மா வந்து பார்த்தார். கவுன்களை எடுத்து என் மடியில் வைத்தார்.

பெட்டியில் இடம் போதவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் வேறு ஒரு பை தேட எழுந்து போனேன்.