பள்ளிவேட்டை அன்று ஊதிய விசில்

மேசை மேல் விரித்த துண்டில் விசில்கள் ஒவ்வொன்றாக வந்து விழும் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. திருவனந்தபுரம் கோட்டைக்குள் பள்ளிவேட்டை நடக்கும் நாளில் எங்கள் ஸ்டேஷனில் அது வழக்கம். பத்மநாபப் பெருமாள் வேட்டைக்குப் புறப்படுகிறார். மிருகம் ஓடிவிடக் கூடாது. ஆகவே மேளம் கிடையாது, பேச்சு கிடையாது, தொண்டையைக்கூடச் செருமக் கூடாது. அத்தனை ஜனமும் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது போலீஸ்காரன் மட்டும் ஊதலாமா? அதனால் பந்தோபஸ்துக்குக் கிளம்புமுன் எல்லோரும் விசிலைக் கழற்றி ஏட்டையாவிடம் கொடுத்துவிடுவோம். அவர் துண்டோடு முடிந்து அலமாரியில் வைத்துப் பூட்டுவார்.

ஏட்டையா என்று நாங்கள் கூப்பிட்டது எங்கள் ஹெட் கான்ஸ்டபிளை. தோவாளைப் பக்கத்துக்காரர். நானும் நாஞ்சில் நாட்டான் என்பதால் எந்த டூட்டியானாலும் என்னைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். அவரைப் போல் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிப் புதிய அதிகாரிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. சாலைக் கடைத்தெருவில் எங்களைக் கண்டால் மூட்டை சுமப்பவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். நாங்களோ பெல்ட் பித்தளை மங்கியிருக்கிறதா, காலில் சுற்றிய பட்டீஸ் நழுவியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தபடியே நடப்போம். ஊருக்குப் போலீஸ் பயம், போலீசுக்கு ஏமான் பயம். இன்ஸ்பெக்டரை நாங்கள் ஏமான் என்றுதான் சொல்வோம். ஏட்டையாவுக்கு இத்தனையும் போதாதென்று பென்ஷன் பயம் வேறு. "வேலைய வுட்டு எறங்குறதுக்குள்ள ஒரு கரும்புள்ளி விழுந்துச்சுன்னா போச்சு மக்கா, குடும்பம் தெருவிலயாக்கும்" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். நானும் அதே பயத்தில்தான் இருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

அந்த வருஷம் எங்கள் இருவருக்கும் அக்கிரகாரத்துச் சந்து ஒன்று, ஊர்வலம் போகும் விளக்குத்தெருவில் சேரும் முனையில் டூட்டி. சந்தின் இருபுறமும் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அரிசி இறக்கிவிட்டுத் திரும்பிய காளைவண்டி ஒன்றைச் சந்தின் மறுமுனையில் நிறுத்தி வைத்திருந்தோம். ஊர்வலம் நெருங்கிவிட்டது. தீவட்டி வெளிச்சம் மதிலில் ஏறி வருகிறது. வெறுங்காலடி ஓசை தவிர வேறெதுவும் இல்லை. இதற்கு முன் எத்தனையோ கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன், சத்தம் போடும் கூட்டத்துக்கு நான் பயந்ததில்லை. இந்த மௌனத்துக்குத்தான் பயந்தேன்.

காளை தீவட்டியைப் பார்த்து மிரண்டது. வண்டிக்காரன் கயிற்றை விட்டுவிட்டான். காலி வண்டி சந்துக்குள் பாய்ந்து வந்தது. எல்லோரும் ஊர்வலம் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்; நடுவழியில் ஒரு சின்னப் பெண்குழந்தை. அப்போது என் காதுக்குப் பக்கத்தில் விசில் அலறியது. பெண்கள் துள்ளி எழுந்தார்கள், ஒருத்தி குழந்தையை வாரிச் சுவரோடு ஒட்டினாள், வண்டி அவள் புடவைத் தலைப்பை உரசிக்கொண்டு போய்த் தூணில் முட்டி நின்றது. யாருக்கும் காயமில்லை. ஊர்வலம் ஒரு கணம் தயங்கிவிட்டு நடந்தது. ஏட்டையாவின் கை மறுபடியும் கால்சட்டைப் பைக்குள் போவதை நான் பார்த்தேன். எல்லோர் விசிலையும் வாங்கிப் பூட்டியவர் தன்னுடையதை மட்டும் மறைத்து வைத்திருக்கிறார்! "விசில் இல்லாம நின்னா கை நடுங்குது மக்கா" என்று முணுமுணுத்தார். உதடு வெளுத்திருந்தது.

விடியுமுன் ஊரெல்லாம் பேச்சு. மௌனம் கலைந்தது ஊருக்கு ஆகாது என்றார்கள். காலையில் இன்ஸ்பெக்டர் எங்களை வரிசையாக நிறுத்தினார். மலையாளி; அதிகம் பேசாதவர், அதனாலேயே அதிகம் நடுங்க வைப்பவர். "ஆராணு ஊதினது?" என்று ஒரே கேள்வி. அடுத்தது என் முறை. பொய் சொன்னால் என் வேலை போகும், உண்மை சொன்னால் ஏட்டையா வேலை போகும்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு மாமி. முந்தின நாள் சுவரோடு ஒட்டி நின்றவள். இடுப்பில் அதே குழந்தை, குழந்தை கையில் திருவிழாக் கடைப் பீப்பி.

"சார், ஊதினது இவதான். கொழந்தை, அவளுக்கென்ன தெரியும்? யாரையும் தண்டிக்கப்படாது" என்றாள்.

இன்ஸ்பெக்டர் பீப்பியை வாங்கித் தானே ஊதிப் பார்த்தார். கோழிக்குஞ்சு கத்துவது போல் ஒரு கீச்சு. ஸ்டேஷனில் ஒருவரும் அசையவில்லை. அவர் எங்களை ஒரு முறை பார்த்தார், பீப்பியைக் குழந்தையிடம் திருப்பிக் கொடுத்தார். "இது தன்னெ ஊதினது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன். ஏட்டையாவுக்கு அப்போதுதான் நிஜமான பயம் பிடித்தது. "லே மக்கா, பெருமாள் கோவம் இனி அந்தப் புள்ள தலையிலயாலே விடியும்? ஒண்ணும் அறியாத புள்ளயாக்குமே" என்று அன்று முழுக்கப் புலம்பினார். அன்று மாலை பெருமாள் கடலில் நீராடப் போகும் ஆறாட்டு டூட்டியில் யானை பக்கத்தில் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். அங்கே சட்டை கிடையாது, எல்லோருக்கும் வேட்டியும் வெறும் மார்பும்தான். மூன்று வாசல்களில் பெருமாளின் திருவடி தெரியும் வாசல் முன் நின்று, பக்கத்தில் யார் என்றுகூடப் பார்க்காமல், வாய்விட்டே சொன்னார்: "பத்மநாபா, ஊதுனது நானாக்கும். அந்தப் புள்ளைய ஒண்ணும் செஞ்சிராத. செய்யுறத எனக்குச் செய்யி."

பக்கத்தில் கண்மூடி நின்றவர் கண்ணைத் திறந்தார். எங்கள் இன்ஸ்பெக்டர். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஏட்டையா கும்பிட்ட கையைப் பிரித்து, வெறும் மார்போடு, விறைப்பாக சல்யூட்டுக்கு உயர்த்தினார்.

இன்ஸ்பெக்டர் அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார்.

"ஏட்டே, இவிட நமக்கு ரெண்டு பேருக்கும் தொப்பி இல்லல்லோ. தொழுதோளு" என்று சொல்லிவிட்டு, ஏட்டையாவுக்கு வாசல் நன்றாகத் தெரியும்படி ஓர் அடி நகர்ந்து நின்றார்.